சின்னக் கை

டயர் கடை மாடியறையில் பிற்பகல் வெயில் சீட்டுகளின் மேல் படுத்துக் கிடக்கிறது. குவிந்த பணத்தில் பாதி பெரிய சீட்டு சேர்ந்த பெரிய கைக்கு, பாதி சின்னச் சீட்டு சேர்ந்த சின்னக் கைக்கு, அதுதான் ஆட்டம். ஊருக்கெல்லாம் ஆபத்தை அளந்து சொல்லும் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் ஒன்றாக எண்ணப்படும் ஏஸும் ரெண்டும் இருக்கின்றன. மேசையில் விரிந்த பொதுச் சீட்டுகளோடு சேர்த்தால் அதைவிடச் சின்னக் கை இங்கே அமையாது. பல் டாக்டர் பெரிய கையை நம்பிப் பந்தயத்தை ஏற்றுகிறார். ஏஜென்ட்டின் மச்சினன் தயங்காமல் அதே தொகையைத் தள்ளுகிறான். அது ஏன் என்று ஏஜென்ட் யோசிக்கவில்லை. சீட்டுக்கட்டில் ஏஸ் நான்கு உண்டு என்பதும் அவர் நினைவில் இல்லை. "ரிஸ்க் எடுக்கிறது எப்படின்னு பாத்துக்க, மாப்ளே" என்று, மனைவியின் நாளைய ஆபரேஷனுக்கான பணம் முழுவதையும் நடுவில் வைக்கிறார். மற்ற இருவரும் அதே அளவு பணம் வைக்கிறார்கள். டாக்டர் கையிலும் மேசையிலுமாக மூன்று ராஜாக்களைக் காட்டிப் பாதியை அள்ளுகிறார். மச்சினன் தன் சீட்டைத் திருப்புகிறான்: ஏஸ், ரெண்டு. மிச்சப் பாதி இரண்டாகப் பிளக்கிறது. போட்டதில் முக்கால்தான் ஏஜென்ட்டுக்குத் திரும்புகிறது. அவர் அருகில் கிடக்கும் ஆஸ்பத்திரிக் கவர் அப்போதுதான் மச்சினன் கண்ணில் படுகிறது. "அக்கா பணமா இது? எந்திரிங்க மாமா, போயிரலாம்." ஏஜென்ட் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொள்கிறார். "முக்கால் பணத்துக்கு முக்கால் ஆபரேஷனா பண்ணுவாங்க? நீங்க சீட்டப் போடுங்க, டாக்டர்."