பெயர் போடாத குரல்

அந்த அலறலுக்கு மட்டும் பத்துக்குப் பத்து கொடுத்தாள் உமாராணி. ‘ஐந்தருவி அஞ்சலை’ வெப் சீரிஸில் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து முட்டை.

அதுவே தாராளம். குற்றாலத்தில் சொட்டுத் தண்ணீர் விழாத பங்குனி மாசத்தில் தோட்டத்துக் குழாயைப் பிடித்துச் சாரல் என்று காட்டியிருந்தார்கள். எபிசோடுக்கு ஒரு முறை புருஷன் பெண்டாட்டியைப் போட்டு அடிப்பான். அடி வாங்கியவள் மறுநாள் காலையில் அவனுக்குத் தோசை சுட்டுக்கொண்டே வெட்கப்படுவாள். பார்த்து முடித்ததும் உமாராணிக்கு வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல இருந்தது.

ஆனால் அந்த அடிதடிக் காட்சியில் வரும் குரல் வேறு ரகம். முதலில் ஒரு கெஞ்சல். அப்புறம் அக்கம்பக்கத்துக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொள்வது மாதிரி ஓர் அடக்கல். கடைசியில் தாங்காமல் பீறிடும் அலறல்.

கதாநாயகியின் வாயசைவுக்கும் அதற்கும் ஒட்டவே இல்லை. எபிசோடுக்கு எபிசோடு நாயகி மாறினாள், குரல் மட்டும் மாறவில்லை. பின்னால் எங்கேயோ ஒரு குக்கர் விசில்கூடக் கேட்டது.

டைட்டிலில் டீ வாங்கிக் கொடுத்தவன் பெயர் வரைக்கும் இருந்தது, குரல் கொடுத்தவள் பெயர் இல்லை. அதுதான் உமாராணிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆலங்குளத்தில் அவள் அம்மா காலமெல்லாம் பீடி சுற்றினாள், கூலியை இன்னொருத்தி பெயரில் எழுதும் கம்பெனிப் பாஸ்புக்கில். அந்த வீட்டின் முதல் டிகிரிக்காரி உமாராணி.

“அந்தப் பொண்ணு பேரும் அவளுக்குச் சேர வேண்டிய கூலியும் வெளியே வராம விடமாட்டேன்” என்று காலையில் தன் விமர்சனச் சேனலில் சொன்னாள். சாயங்காலமே குத்துக்கல்வலசையில் டைரக்டர் வீட்டு மாடியேறிவிட்டாள்.

டைரக்டர் பெயர் மகாராஜா. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறைதான் அவன் ஸ்டூடியோ.

“வாங்க மேடம். பத்துக்குப் பத்து போட்டீயளே, காலைலருந்து வியூஸ் ஏறிக்கிட்டே இருக்கு.”

“உங்களுக்குப் போடல அண்ணாச்சி. உங்களுக்குப் போட்டது முட்டை.”

“அதான் சொவர் பூரா இருக்கே,” என்று இளித்தான்.

உமாராணி சிரிக்கவில்லை. “அந்தக் குரல் யாரு?”

“நம்ம பக்கத்துல உள்ளவியதான். ஒரு அக்கா.”

“எவ்வளவு குடுத்தீய?”

மகாராஜா தலையைச் சொறிந்தான். “அவிய கேக்கவே இல்லியே.”

“கேக்கலன்னா குடுக்க மாட்டீயளோ? டைட்டில்ல பேராவது போட்டிருக்கலாம்லா?”

“பேரு போட்டா வம்பாயிரும் மேடம். அவிய வீட்டுக்காரரு ஒரு மாதிரியான ஆளு.”

பெண்டாட்டியின் உழைப்பு வேண்டும், அவள் பெயர் மட்டும் வாசல் தாண்டக் கூடாது. இந்த ரகத்து ஆம்பளைகளை உமாராணிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

“நல்லா இருக்கு உங்க நியாயம். அப்படிப் பேசதுக்கு எத்தன டேக் வாங்குனீய அவியகிட்ட?”

“டேக்கா? நாம ரெக்கார்டிங்கப் போட்டாப் போதும் மேடம். ஒரு நாளும் சொதப்புனதில்ல.”

சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“நான் அவியள நேர்ல பாக்கணும். பேரக் கேட்டு நானே வீடியோவுல சொல்லுதேன். அதுவரைக்கும் இங்கனதான் இருப்பேன்.”

“பாக்கதெல்லாம் வேண்டாம் மேடம். வேணும்னா லைவா ஒரு தடவ கேட்டுட்டுப் போங்க. அடுத்த எபிசோடுக்கும் எடுக்க வேண்டியிருக்கு.”

மகாராஜா மைக்கைத் துடைத்துத் தயார் செய்தான். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் என்ன சொல்வது என்று யோசித்தபடி, உமாராணி மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் ஏறி வரவில்லை.

ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். மகாராஜா மைக்கைக் கம்பிக்கு வெளியே நீட்டி, பக்கத்து வீட்டு அடுப்படியைப் பார்க்கத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த அடுப்படியில் ஒரு பெண் குனிந்த தலை நிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன செய்தீய? அவியள இங்கன கூப்பிடுங்க.”

ஹெட்போனை மாட்டிக்கொண்டே அவன் கையமர்த்தினான்.

“செத்த பொறுங்க மேடம், அவ புருஷன் இன்னும் வேலைவிட்டு வரல.”