விரல் சோதனை

ஒரே மூச்சில் நாற்பது கபடி பாடுகிறவன். இன்றைக்கு எட்டாவதிலேயே பாட்டு அறுந்தது.

யாரும் அவனைத் தொடவில்லை. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

எதிரணியின் எல்லைக்குள் நாலு எட்டு வைத்திருந்தான். வலது நெஞ்சுக்குள் ஏதோ பட்டென்று விட்டுப்போனது. அடுத்த மூச்சு உள்ளே வரவில்லை.

அதற்கப்புறம்தான் இசக்கிராஜ் பாய்ந்து அவன் கணுக்காலைப் பிடித்தான். இசக்கிராஜுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்து மேலே விழுந்தார்கள்.

புழுதி அடங்கியபோது அவன் வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

பார்த்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

"எந்தம்பியக் கொன்னுட்டியேல."

அண்ணன் கோமதிநாயகம்தான் அணித் தலைவன். கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசும். ஓடிவந்த வேகத்தில் இசக்கிராஜின் முகத்தில் முழங்காலை ஏற்றினான். பல் தெறித்தது. விழுந்தவனை எழவிடாமல் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து குத்தினான். அணியில் மிச்சமிருந்த ஐந்து பேரும் சுற்றி நின்று மிதித்தார்கள்.

விலக்கிவிடப் போனவர்கள் அடிவாங்கிக்கொண்டு திரும்பினார்கள். நடுவர் பாவம், விசிலை ஊதிக்கொண்டே இருந்தார்.

கோமதிக்கு ஒரு பழக்கம். ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவன் விரலையும் முகர்ந்து பார்ப்பான். பீடி வாடை அடித்தால் அன்றைக்கு அவன் வெளியேதான். அப்பா பீடி குடித்தே இருமிச் செத்த வருஷத்திலிருந்து இந்தச் சோதனை.

தம்பியின் விரலில் இன்றைக்கும் மாம்பழ வாசம். தின்னிப் பண்டாரம் என்று செல்லமாக மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்தவனிடம் போனான்.

அவ்வளவு பெரிய மூக்கு இருந்து என்ன பிரயோஜனம்.

தம்பிக்குக் கல்லூரி விடுதியில் கிடைத்த சமாச்சாரம் அது. வேப் என்றார்கள், பேட்டரியில் ஓடுகிற சிகரெட். விரல் நீளம்தான் இருக்கும். புகையே கிடையாதுடா, வெறும் ஆவி, இட்லிச் சட்டியில் வருகிற மாதிரி என்றார்கள். நம்பினான். ஒரே வருஷம். பல் விளக்குவதற்கு முன்னால் அதை வாயில் வைத்தால்தான் பொழுது விடியும் என்று ஆகிவிட்டது.

இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினாலே நெஞ்சில் குத்தல். மைதானத்துப் புழுதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இன்றைக்கு இடைவேளையிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நாலு இழுப்பு. பை அண்ணனிடம் இருந்தது. அதனால் அந்த வேப்பை முழங்கால் உறைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டான்.

இப்போது காலில் உறுத்துகிறது.

"அண்ணாச்சி, நான் காலத்தான புடிச்சேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான் இசக்கிராஜ். பிறகு வெறும் முனகல்.

பிறகு அதுவும் இல்லை.

சொல்லிவிட வேண்டும். இசக்கியால் இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்கும் மூச்சு வேண்டுமே.

பயமும் இருந்தது. பொய் சொல்வானேன். பேசாமல் கிடந்தால் பழி இசக்கியோடு போய்விடும். அண்ணனுக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது.

எவனோ ஒரு பாவி கொடிக்கம்பைப் பிடுங்கி கோமதியின் கையில் கொடுத்தான்.

கோமதி அதை ஓங்கினான்.

தம்பி கையைத் தூக்கினான்.

கபடிக்காரனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அவுட்டாகிவிட்டால், நடுவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், தானே கையைத் தூக்கி ஒப்புக்கொண்டு வெளியே போக வேண்டும். அவனுக்கு ஏழு வயதில் அண்ணன் முதன்முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

கோமதி திரும்பிப் பார்த்தான். கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டான்.

தம்பி தன் முழங்கால் உறைக்குள் விரலை விட்டான். அதை எடுத்தான். அண்ணனின் உள்ளங்கையில் வைத்தான்.

கோமதிக்கு அது என்னவென்று விளங்கவில்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பிறகு பழக்கதோஷத்தில் கையை மூக்கருகே கொண்டுபோனான்.

விரலெல்லாம் இசக்கிராஜின் ரத்தம்.

அதையும் மீறி மாம்பழம் மணத்தது.

கோமதி எழுந்தான். இசக்கிராஜ் அசையாமல் கிடந்த பக்கம் திரும்பினான். மைதானமே பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாகத் தன் கையைத் தூக்கினான்.