கதைகளில் வளர்ந்தவள்

“ஏம்மா, இந்தப் பொண்ணு யாரு?”

கேட்டவர் ஓவியரின் மனைவி. ஓவியக்கூடத்தின் பொறுப்பாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்காட்சி திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்தக் கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

சுவர்களில் பத்தொன்பது படங்கள். எல்லாம் கதைப் படங்கள். பாம்புகளோடு ரகசியம் பேசும் சிறுமி, ராட்சசனின் தோளில் ஏறிப் பழம் பறிக்கிறவள், மேகத்தைக் கயிறு கட்டி இழுத்து வருகிறவள், கடலடியில் விளக்கேற்றும் இளவரசி. கதை ஒவ்வொன்றும் வேறு. முகம் மட்டும் ஒன்றே.

படங்களை மாட்டும்போதே பொறுப்பாளர் இதைக் கவனித்துவிட்டாள். ஓவியர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கிறவர். இது அவருடைய முதல் கண்காட்சி. ஆண்டுக்கு ஒன்றாக இத்தனையும் வரைந்திருக்கிறார். முதல் படத்தில் தத்தித் தத்தி நடக்கும் குழந்தை. அடுத்தடுத்த படங்களில் பால்பல் விழுந்து, கைகால் நீண்டு, கடைசிப் படத்தில் நெடுநெடுவென்று வளர்ந்த பெண்ணாகிவிட்டாள். வெறும் கற்பனை முகம் இப்படி ஆண்டு தவறாமல் வளருமா?

குழந்தைகள் உண்டா என்று ஓவியரிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு அவர் ஆணி அடிப்பதில் மும்முரமானார். அப்போதே அவள் முடிவு கட்டிவிட்டாள். வேறெங்கோ ஒரு வீடு இருக்கிறது. அங்கே ஒரு மகள் இருக்கிறாள்.

“கதையில வர்ற பொண்ணுதாம்மா. அவரா கற்பனை பண்ணி வரைஞ்சது,” என்றாள் இப்போது.

அந்த அம்மா அதை நம்பியதாகத் தெரியவில்லை. கணவர் தான் வரையும் மாடி அறையை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார் என்றும், இவற்றில் ஒரு படத்தைக்கூட இன்றுவரை தன் கண்ணில் காட்டியதில்லை என்றும் சொன்னார். குரலில் கோபமே இல்லை.

பொறுப்பாளர் உட்காரச் சொல்லிப் பார்த்தாள், காபி கொண்டுவரட்டுமா என்று கேட்டுப் பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை. அந்த அம்மா முதல் படத்துக்குத் திரும்பிப் போய், ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று நகர ஆரம்பித்தார்.

வாசலருகே விருந்தினர்களோடு பேசிக்கொண்டிருந்த ஓவியரிடம் பொறுப்பாளர் விரைந்தாள். “சார், உங்க வீட்டம்மா அந்தப் பொண்ணு யாருன்னு கேட்கறாங்க. நான் என்னமோ சொல்லிச் சமாளிச்சேன்.”

அவர் முகம் வெளிறியது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் உள்ளே நடந்தார். நாலு பேர் முன்னால் ரகளை ஆகிவிடக் கூடாதே என்று அவளும் பின்னாலேயே போனாள்.

அந்த அம்மா கடைசிப் படத்தின் முன்னால் நின்றிருந்தார். கணவர் பக்கத்தில் வந்து நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

“இவளுக்கு இப்ப என்ன வயசு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “வர்ற மாசத்தோட இருபது முடியுது.”

தான் நினைத்தது அப்படியே சரியாகிவிட்டதே என்று பொறுப்பாளருக்கே கஷ்டமாக இருந்தது. அந்த அம்மா கையை உயர்த்தினார். கிழித்துவிடுவாரோ என்று அவள் ஓரடி முன்னால் வைத்தாள். ஆனால் அந்தக் கை, படத்திலிருந்த பெண்ணின் கன்னத்தில் மெல்லப் படிந்தது.

“மூக்கு உங்களோடது. தாடை என்னோடது,” என்றார் அந்த அம்மா. பிறகு கணவரின் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டார்: “மூணே நாள்தானே நம்மகிட்ட இருந்தா. ஒரு தடவைகூடக் கண்ணைத் திறக்கலையே. அவ கண்ணு இப்படித்தான் இருந்திருக்கும்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”