சனிக்கிழமை வகுப்பு

“சனிக்கிழமை கிளாஸ் வச்சா, அந்த சாருக்கும்தானம்மா லீவு போச்சு? அப்புறம் எதுக்கு வச்சாரு?”

அம்மாவின் கல்லூரிக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்த பிருந்தா, சின்ன வயதில் ஒருநாள் இப்படிக் கேட்டாள். வசுந்தரா சிரித்தாள்.

“காசிமாயன் சார் அப்படித்தான்டி. எங்க கிளாஸே சாபம் விடும். சரியான சிடுமூஞ்சி!”

இப்போது பிருந்தா வேலைக்குப் போகிறாள். வசுந்தரா, பசுமலையில் தான் படித்த அதே கல்லூரியில் வணிகவியல் துறைத் தலைவி. அவள் மேஜைக்கு எதிரே, மாணவி ரூபினா கண் கலங்க நின்றிருந்தாள்.

“டிசி குடுத்துருங்க மேடம். நான் நின்னுக்கிறேன்.”

“கடைசி வருஷம்மா! இன்னும் ஒரு செமஸ்டர் பரீட்சைதான பாக்கி?”

“அட்டெண்டன்ஸ் பத்தல, ஹால் டிக்கெட் வராதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அத்தா இடுப்பு எலும்பு முறிஞ்சு பெரியாஸ்பத்திரியில கெடந்தப்ப, கூட இருக்க என்னைய விட்டா வேற ஆளில்ல மேடம்.”

“உனக்கே உடம்பு சரியில்லைன்னா மெடிக்கல் லீவுல சேக்கலாம். அப்பாவுக்குன்னா ரூல் இடம் குடுக்காதே.”

“எனக்கு மஞ்சக்காமாலைன்னு சர்ட்டிபிகேட் வாங்கித் தாரேன்னு பிரெண்ட்ஸ் சொன்னாங்க. அத்தா வேணாம்னுட்டாரு. பொய் சொல்லி வாங்குற பட்டம் வெளங்காதாம்.”

வசுந்தரா மேஜையிலிருந்த வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள்.

“டிசியை அப்புறம் பாக்கலாம். இப்ப கிளாஸுக்குப் போ.”

மறுநாள் வகுப்பில் அறிவிப்பு வந்தது.

“இந்த மாசம் சனிக்கிழமை எல்லாம் கிளாஸ் உண்டு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். அட்டெண்டன்ஸ் எடுப்பேன்.”

கிரிதரன் பதறி எழுந்தான். “மேடம், போர்ஷன்தான் முடிஞ்சிருச்சே!”

“மறந்திருப்பீங்க. மறுபடி முதல்ல இருந்து எடுக்கிறேன்.”

“சோழவந்தான்ல இருந்து பஸ் ஏறி வாரேன் மேடம். ஒருநாளாவது தூங்க விடுங்க!”

“பஸ்ல தூங்கு.”

சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். பின்னால் கிரிதரன் கிசுகிசுத்தது நன்றாகவே காதில் விழுந்தது.

“மாப்ள, சரியான சிடுமூஞ்சிடா!”

சாக்பீஸ் ஒரு கணம் நின்றது. அவள் திரும்பவில்லை. எழுதத் தொடங்கினாள்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிப் போயிருந்தார்கள். ரூபினா ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. கூடுதலாக நடந்த வகுப்புகளும் கணக்கில் சேர்ந்ததில், அவளுடைய வருகை விழுக்காடு தேவையான அளவைத் தாண்டிவிட்டது. ஹால் டிக்கெட் வந்துவிடும். யாரும் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆளில்லாத வகுப்பறையில், முன்பு காசிமாயன் சார் நின்று பாடம் எடுத்த அதே மேடையைப் பார்த்து வசுந்தரா கைகூப்பினாள்.

“ரூபினா வந்து நின்ன அன்னைக்குத்தான் சார் எனக்குப் புரிஞ்சுது. எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நானும்தான் வாரக்கணக்கா கிளாஸுக்கு வரல... ஆனா என் ஹால் டிக்கெட் மட்டும் எப்படியோ வந்துச்சு!”