நாங்கள் போட்ட இரைச்சல்

"போனை அப்பா காதுல வைக்கிறேன். பேசும்மா," என்றான் அண்ணன்.

அவன் நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது. பிறகு 'ஸ்ஸ்' என்று மெல்லிய இரைச்சல்.

அப்பாவின் மூச்சு.

நான் அலுவலகத்தில் என் மேசை முன்னால் எழுந்து நின்றேன். கடலுக்கு அந்தப் பக்கம், தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்பா. இன்றைப் பொழுது தாண்டாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம். எனக்கு விமான டிக்கெட் நாளைக்குத்தான் கிடைத்திருந்தது.

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. போன வாரம் அண்ணனிடம், சின்னவளுக்கு இன்னும் கோபம் தீரலையா என்று கேட்டாராம். அதற்குப் பதில் சொல்லாமல் அவரை அனுப்பிவிட்டால் நான் என்ன மனுஷி?

ஆனால் வாய் வந்தால்தானே! ஊர் உலகமெல்லாம் பேசிக்கொள்ள லைன் போட்டுக் கொடுக்கிற கம்பெனியில் வேலை. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

இணையம் வழியாக வெளிநாட்டுக்குப் பேசும் செயலி எங்களுடையது; அண்ணன் கூப்பிட்டிருந்ததும் அதில்தான். குறைந்த காசு, அறுந்துபோகாத லைன் என்று விளம்பரம். அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கல்யாணத்துக்கு முந்தி, முதன்முதலில் அப்பாவின் போனில்தான் அதைப் போட்டுவிட்டேன். மனுஷன் குறை சொல்லாத நாளில்லை. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுதான், ஆனா இது மாடே இல்லையேம்மா என்பார்.

அப்போதெல்லாம் பேச்சு நின்றால் எங்கள் லைனில் ஈ பறக்கும் சத்தம்கூட இருக்காது. அதுதான் அவருடைய குறை. நான் எச்சில் விழுங்க நிறுத்தினால் போதும், "இருக்கியா? இருக்கியா?" என்று அங்கிருந்து கத்துவார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன்.

இன்றைக்கு அவர் கத்தவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எனக்குக் கோபமெல்லாம் ஒண்ணுமில்லப்பா," என்றேன்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. கல்யாணப் படத்தில் அவர் நிற்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நாங்கள் நின்றதைச் சொன்னேன். போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்த என் வீறாப்பைச் சொன்னேன். நாளைக்கு வந்துவிடுவேன், அதுவரை பொறுங்களேன் அப்பா என்று கெஞ்சினேன். பேச்சை நிறுத்தினால் மூச்சு கேட்டது. தூங்குகிற குழந்தையின் மூச்சு போலச் சீராக இருந்தது. நான் பேசும்போது அது கேட்கவில்லை. என் பேச்சுக்காக அடக்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

லைன் கட்டானது.

ஏன் கட்டானது என்று, லைன்களின் நிலவரம் காட்டும் மேசைத் திரையைப் பார்த்தேன். பழக்க தோஷம்.

அந்தக் கதவு திறந்தபோதே அண்ணனின் போனில் சிக்னல் போயிருந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் பேசியதில் ஒரு சொல்கூட அங்கே போய்ச் சேரவில்லை. சிக்னல் திரும்பி வருமா என்று லைன் சும்மா காத்திருந்திருக்கிறது.

அப்படியானால் அந்த மூச்சு?

அது என் போன் போட்டது; நான் பேசும்போது என் குரலில் அமுங்கியிருக்கிறது. எதிர்ப் பக்கம் பேச்சு இல்லாதபோது, கேட்கிற போனே தானாக மெலிதாய் ஓர் இரைச்சலைப் போட்டுக்கொள்ளும். லைன் இருக்கிறது என்று மனசுக்கு ஒரு தெம்பு. அப்பாவின் கத்தல் தாங்காமல், மேலதிகாரியிடம் மல்லுக்கட்டி அதைச் சேர்க்க வைத்தவளே நான்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள் என்று சொல்பவளும் நான்தான்.

மறுபடி கூப்பிட்டேன். போகவில்லை. மறுபடியும் அழுத்தினேன். ஐயோ, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை!

போன் அடித்தது.

"போயிட்டாரும்மா," என்றான் அண்ணன். "நீ பேசினது அத்தனையும் கேட்டாரு. தலையைக்கூட ஆட்டினாரு. நிம்மதியாப் போனாரு."

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே, பொய் சொன்னால் அவன் குரல் கீச்சென்று ஏறிவிடும். இப்போதும் ஏறியது.

நான் திரையை அணைத்தேன்.

"ஆமாண்ணா," என்றேன். "அவரு மூச்சு எனக்கும் கேட்டுச்சு."

அந்தப் பக்கம் பேச்சில்லை. இரைச்சல் மட்டும் வந்தது.

"அண்ணா, இருக்கியா? இருக்கியா?" என்று கத்தினேன்.

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.