ஆற்றுக் கம்பு

நீளம் போதாதென்று மூன்றாவது முறையாகக் கம்பைத் திருப்பிக் கொண்டுவந்தார் இன்னாசி வாத்தியார். செதுக்கிக்கொண்டிருந்த சுடலையாண்டி ஆசாரிக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஆத்துல ஊனி நடக்க ஆள் உசரம் போதும் சார். இது கம்பா, கொடிமரமா?"

"இன்னுங்கொஞ்சம் நீளம் வேணும் ஆசாரியாரே."

அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்க்க, மறுநாள் காலை ஆசாரி ஆற்றுக்கே போனார். வாத்தியார் கம்பை ஊன்றவில்லை. நடுப்பாறையில் நின்று, அக்கரைப் பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைகளை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தார். அது கரைக்கு எட்டவில்லை.

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன சார்?"

கத்திக்கொண்டே ஆசாரி முழங்காலளவுத் தண்ணீரில் இறங்கிக் கம்பின் நுனியைப் பற்றி, மறு கையைக் கரைப் பக்கம் நீட்டினார். முன்னால் நின்ற சிறுமி தயங்கினாள்.

"என்னட்டி பாக்க? பிடிச்சு நட!"