ஐந்து எண்ணும் நேரம்

கோணி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு தியாகராசன் சாக்கு அடுக்கின்மேல் ஏறினார்.

வெளியே வானம் கறுத்துவிட்டது. சங்கத்துக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் அவருடைய அறுபது மூட்டை நெல் குவியலாகக் கிடக்கிறது. மூடியிருக்கும் தார்ப்பாய் நைந்தது. பதினோரு நாள் காத்துக் கிடந்து இன்றைக்குத்தான் முறை வந்தது. குவியலுக்குள் கையை விட்டால் இப்போதே சுடுகிறது. இன்னொரு மழையில் நனைந்தால் முளை விட்டுவிடும், அப்புறம் யாரும் சீந்தமாட்டார்கள்.

கைரேகை வைக்காமல் தராசு நகராது. கைரேகை மிஷின், தராசு, கம்ப்யூட்டர் எல்லாவற்றின் வயரும் போய்ச் சேருகிற நெட்வொர்க் சுவிட்ச் காலையிலிருந்து மக்கர். பிளக்கைப் பிடுங்கிப் போடலாம் என்றால், எலிக்குப் பயந்து எல்லாவற்றையும் உயரத்தில் ஒரு கம்பிவலைக் கூண்டில் பூட்டி வைத்திருக்கிறார்கள். சாவி செயலாளர் பையில். செயலாளர் பேராவூரணியில் கல்யாண வீட்டில். அந்த மகராசன் போனையும் எடுக்கவில்லை.

சுவிட்சை மாட்டிக் கொடுத்த பரணிதரன் தஞ்சாவூரிலிருந்து போனில் வழி சொன்னான். முகப்பில் ஒரு சின்ன ஓட்டை. வலை வழியாக ஊசியை விட்டு அழுத்திக்கொண்டு ஐந்து எண்ண வேண்டும், எடுத்துவிட வேண்டும். அணைந்து எரியும், சரியாகிவிடும். பத்தைத் தாண்டினால் மட்டும் போச்சு. அவன் போட்டு வைத்த செட்டிங் அத்தனையும் அழிந்துவிடும். அவனே நேரில் வந்து திரும்பப் போட வேண்டும், அதுவும் நாளை மறுநாள்தான் முடியும்.

எழுத்தர் ஷோபனாவுக்கு எட்டாம் மாதம். அவளையா ஏறச் சொல்வது? எண்ணத்தானே வேண்டும், நான் எண்ணுகிறேன் என்றார் தியாகராசன். களத்தில் மரக்கால் பிடித்து அளக்க ஊரே அவரைத்தான் கூப்பிடும். எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை.

ஊசியை அழுத்தினார். வாய்க்குள்ளேயே நிதானமாக எண்ணினார். எடுத்தார்.

சுவிட்சின் விளக்கெல்லாம் அணைந்தன. எல்லாம் ஒன்றாக எரிந்தன. பிறகு ஒன்று மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

அவர் சிரித்தபடி இறங்கி வந்தபோது ஷோபனா சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர், தராசு எங்கே என்று கேட்கிறது. கைரேகை மிஷினையும் காணோம் என்கிறது.

கூரைத் தகரத்தில் முதல் துளி விழுந்தது.

"அய்யா, எத்தனை எண்ணுனீங்க?" போனில் பரணிதரன்.

"அஞ்சுதான் தம்பி. ஒண்ணு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

எண்ணின மாதிரியே எண்ணிக் காட்டுங்கள் என்றான். தியாகராசனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் எண்ணிக்கையிலேயே இவனுக்குச் சந்தேகமா? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"லாபம்... லாபம்... லாபமே லாபம்..."

நெல் அளக்கிறவர்கள் யாராவது ஒன்று என்று ஆரம்பிப்பார்களா? முதல் மரக்கால் லாபம். அது நிறைந்து, சாக்கில் கவிழ்கிறவரை அதே சொல்தான் வாயில் நிற்கும். அதற்குப் பிறகுதான் இரண்டு.

"ரெண்டு... ரெண்டு... ரெண்டே ரெண்டு..."

ஷோபனா எதற்காகச் சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளையே பார்க்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

"மூணு... மூணு..."

மழை தகரத்தில் பிடித்துக்கொண்டு கொட்டியது. போனில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டுமே என்று தியாகராசன் குரலை உயர்த்தி, நாலுக்குப் போனார்.